மஞ்சள் உருண்டையும் நீண்ட நடையும்: ஷேடோ லேபிரிந்த், ஒரு நிகழ்வு ஆய்வு

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமைப் பற்றி யாராவது கருத்து எழுதினால், அவர் அதை எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் கூடவே தெரியும். பெரும்பாலான கேம்களுக்கு அந்த எண்ணைப் பார்க்கத் தோன்றாது. ஷேடோ லேபிரிந்த் என்ற கேம் விஷயத்தில் எழுத்தைவிட அந்த எண்தான் எனக்கு அதிகம் சொன்னது. நாலைந்து மணி நேரத்தில் நிறுத்தியவர் ஒரு கேமைத் திட்டுகிறார். இருபது முப்பது மணி நேரம் ஆடியவர் வேறொரு கேமைப் பாராட்டுகிறார். இருவரும் வாங்கியது என்னவோ ஒன்றைத்தான்.

இப்படி ஏன் பிளந்தது என்று பார்ப்பதுதான் இங்கே நோக்கம். "சிலருக்குப் பிடித்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை" என்று முடித்துவிடலாம்தான். ஆனால் பிடிக்காதவர்கள் சொன்ன காரணங்களை வரிசையாகப் படித்தால், அவர்கள் முதலில் சொல்லும் காரணமும் உண்மையில் கேமை மூடவைத்த காரணமும் ஒன்றல்ல என்று தோன்றுகிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ் விருது மேடையில் ஜப்பானியக் கேம் நிறுவனமான பண்டாய் நாம்கோ ஒரு டிரெய்லரைக் காட்டியது. இருண்ட குகைகள், கையில் வாளோடு முக்காடு போட்ட ஒருவன், அவன் தோளருகே மிதக்கும் மஞ்சள் உருண்டை. அந்த உருண்டை வாயைத் திறந்தபோதுதான் பலருக்கு இது பேக்-மேன், காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் இயந்திரங்களில் பேய்களுக்குத் தப்பிப் புள்ளிகளைத் தின்னும் அதே உருண்டை, என்று பிடிபட்டது. அதே வாரத்தில் ஓடிடியில் வந்த ஒரு அனிமேஷன் தொகுப்பிலும் இதே இருண்ட பேக்-மேன் ஒரு அத்தியாயமாக வந்திருந்தது; பார்த்துவிட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு, ஆர்வமானவர்களும் உண்டு. ஏழு மாதம் கழித்து, 2025 ஜூலை 18 அன்று, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், ஸ்விட்ச், ஸ்விட்ச் 2, பிசி எல்லாவற்றிலும் கேம் வெளியானது. பேக்-மேனுக்கு அது 45-வது ஆண்டு.

வெளியீட்டுத் தேதியில் ஒரு துரதிர்ஷ்டமும் இருந்தது. முந்தின நாள்தான் ஸ்விட்ச் 2-இல் டாங்கி காங் பனான்ஸா வந்திறங்கியது. அதுவும் ஆர்கேட் காலத்துப் பாத்திரம்தான், 1981-இல் பிறந்தது. பளபளக்கும் நிறம், எதை வேண்டுமானாலும் உடைக்கும் குஷி. ஒரே வாரத்தில் இரண்டு கிழவர்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவர் திருவிழாவுக்குப் போகிறார், இன்னொருவர் துக்க வீட்டுக்குப் போவதுபோல் இருந்தார். ஒப்பீடு நியாயமில்லைதான், ஆனாலும் நடந்தது.

விமர்சகர்கள் கொடுத்த மதிப்பெண் நடுவாந்தரம். விளையாடியவர்களும் ஏறக்குறைய அப்படியே. எதிர்ப்பு அலை, கொண்டாட்டம் என்று எதுவும் இல்லை. ஆனால் அந்த நடுவாந்தரம், எல்லோரும் "பரவாயில்லை" என்றதால் வந்ததல்ல. பலமாகப் பிடித்தவர்களையும் பலமாகப் பிடிக்காதவர்களையும் கூட்டி வகுத்ததால் வந்தது.

இருட்டு யாருக்குப் பிரச்சினை?

கேம் இதுதான்: எட்டாம் எண் வாள்வீரன் என்று அழைக்கப்படும் ஒருவன் முன்பின் தெரியாத ஒரு கிரகத்தில் கண்விழிக்கிறான். அவனை வழிநடத்துவது பக் என்ற மஞ்சள் உருண்டை. பக்கவாட்டில் ஓடிக் குதித்து, வெட்டி, கொக்கி வீசித் தாவி, ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் பெரிய வரைபடத்தைத் திறந்துகொண்டே போகும் மெட்ராய்ட்வேனியா வகை. விழுந்த எதிரியை விழுங்கலாம்; பெரிய வாய் ஒன்று திறந்து உடலைக் கவ்விக்கொள்ளும். அந்தக் காட்சி கொஞ்சம் அருவருப்பானது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். சில இடங்களில் நீல நிறக் கம்பிகள் ஓடும். அங்கே வாள்வீரன் மறைந்து, பக் உருண்டையாகி, கம்பியைப் பற்றிக்கொண்டு உருளும். இருவரும் ஒன்றாகச் சேர்ந்து காயா என்ற ராட்சத உருவம் எடுக்கும் வித்தையும் உண்டு. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எதிரே நிற்பதெல்லாம் தூள்.

"இது பேக்-மேனா?" என்பதுதான் டிரெய்லர் நாளிலிருந்து ஒலித்த முதல் புகார். இதைச் சும்மா பழம்பெருமைப் புலம்பல் என்று ஒதுக்க முடியாது, அதற்கு வரலாறு இருக்கிறது. 1980-இல் தோரு இவாதானி பேக்-மேனை வடிவமைத்தபோது ஆர்கேட் கூடங்களில் எங்கே பார்த்தாலும் விண்வெளியில் சுட்டுத்தள்ளும் ஆட்டங்கள். பெண்களும் ஜோடிகளும் வந்து ஆடும்படி, கொல்வதை விட்டுவிட்டுத் தின்பதை மையமாக வைத்து ஒன்று செய்ய நினைத்தார் அவர். பேய்களைக்கூடச் செல்லமாக வரைந்தார்கள். ஜப்பானிய மொழியில் வாயைத் திறந்து மூடித் தின்னும் ஓசை 'பாகு பாகு', நாம் 'லபக் லபக்' என்கிறோமே அதுபோல. அதிலிருந்துதான் பெயரே வந்தது. முதலில் பக் மேன் என்றுதான் இருந்தது. அமெரிக்காவுக்குப் போகும்போது, யாராவது விஷமிகள் முதல் எழுத்தைக் கொஞ்சம் சுரண்டிவிட்டால் கெட்ட வார்த்தையாகிவிடுமே என்ற பயத்தில் பேக்-மேன் ஆனது. புதுக் கேமின் உருண்டைக்குப் பக் என்று பெயர் வைத்தது அந்த விட்டுப்போன பெயரைத் திரும்ப எடுத்ததுதான்.

ஆக, விண்வெளிப் போர்களுக்கு மாற்றாகப் பிறந்தவனை 45 வருஷம் கழித்து ஒரு விண்வெளிப் போருக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். இதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் புகாரைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் கேமை வாங்காதவர்கள். வாங்கியவர்கள் எழுதியதைப் படித்தால், இருட்டைப் பற்றிய பேச்சு சீக்கிரமே காணாமல் போகிறது. சூழல் நன்றாக இருக்கிறது, பின்னணி ஓசை நன்றாக இருக்கிறது, பாஸ்கள், அதாவது பெரிய எதிரிகள், கம்பீரம் என்றுதான் எழுதுகிறார்கள். பாத்திரங்களின் கோடும் அசைவும் பழைய ஃபிளாஷ் கேம் போல மெலிந்து கிடக்கின்றன என்று சிலர் குறைப்பட்டார்கள். அதில் நியாயம் உண்டு. மற்றபடி, மஞ்சள் உருண்டைக்கு இருட்டு பொருந்துமா என்ற கேள்வியை கேமுக்குள் நுழைந்தவர்கள் யாரும் இரவெல்லாம் யோசித்த மாதிரி தெரியவில்லை. அவர்கள் யோசித்தது வேறு.

நடை

செத்தால் எங்கே போய் எழுந்திருக்கிறோம் என்பதுதான் அந்த வேறு விஷயம்.

ஷேடோ லேபிரிந்தில் செக்பாயின்ட்கள் தூரம் தூரமாக இருக்கின்றன, முக்கியமாக ஆரம்ப மணி நேரங்களில். அதிலும் இரண்டு வகை. சிறியதில் உயிர் நிரம்பும், செத்தால் அங்கே எழலாம், அவ்வளவுதான். திறன்களை ஏற்றவோ ஃபாஸ்ட் டிராவல் (தூர இடத்துக்கு நடக்காமல் ஒரே தாவலில் போவது) செய்யவோ பெரியதைத் தேடிப் போகவேண்டும். முதல் சில மணி நேரத்துக்கு வரைபடமும் ஏறக்குறைய ஒற்றை வழிதான். மெட்ராய்ட்வேனியா என்றால் மாட்டிக்கொண்ட இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒரு திறனோடு திரும்பி வரலாம் என்பதுதான் அதன் பெரிய வசதி. இங்கே அந்த வசதி கிடைப்பதற்கு முன்பே கஷ்டம் வந்துவிடுகிறது.

ஒரு சாவை நெருங்கிப் பார்ப்போம். கையில் இருப்பது மூன்று வெட்டுக் கோவை ஒன்று. விலகித் தப்புவதும் சிறப்பு வெட்டும் ஈஎஸ்பி என்ற ஒரே சக்தி அளவியிலிருந்துதான் எடுக்கின்றன. பதற்றத்தில் நாலு தடவை விலகினால் அளவி தீர்ந்துவிடும். அது நிரம்பும்வரை வெறும் வாளோடு நிற்கவேண்டும். அந்த நேரம் பார்த்து அடி விழுகிறது. செத்தாயிற்று. இது வரைக்கும் தப்பு நம்முடையது, ஒத்துக்கொள்ளலாம். அப்புறம் எழுந்திருக்கிற இடம் ஐந்தாறு அறைகளுக்கு அந்தப் பக்கம். வழியில் ஏற்கெனவே கொன்ற எதிரிகள் மறுபடியும் உயிரோடு நிற்கிறார்கள், ஏற்கெனவே தாண்டிய முள் பள்ளங்களை மறுபடியும் தாண்டவேண்டும். மாட்டிக்கொண்ட இடத்துக்குத் திரும்பி வருவதற்குள் எதில் தப்பு செய்தோம் என்பதே மறந்துபோகிறது. கற்றுக்கொள்வதற்கான சாவு, தண்டனையாக மாறுவது இந்த நடையில்தான்.

கடினமான கேம்களை விரும்புபவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "பழைய ஆர்கேட் கேம்கள் இதைவிடக் கொடூரம், அந்த உணர்வைத்தான் இது தருகிறது." இந்த வாதத்தில்தான் எனக்கு முழு உடன்பாடின்மை. 1980 பேக்-மேனை எடுத்துக்கொள்ளுங்கள். மேஸில், அதாவது அதன் புதிர்ப்பாதையில், 240 சிறு புள்ளிகள், மூலைக்கு ஒன்றாக 4 பெரிய புள்ளிகள், மொத்தம் 244. இருநூறைத் தின்று முடித்த நேரத்தில் பேய் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓர் உயிர் போகும், பேய்கள் கூண்டுக்குத் திரும்பும், பேக்-மேன் பழைய இடத்தில் வந்து நிற்கும். தின்ற இருநூறு புள்ளிகள்? தின்றது தின்றதுதான். மிச்சம் இருக்கும் நாற்பத்து நாலைத் தின்றால் போதும். சாவுக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே சில விநாடிகள். எல்லா உயிரும் போனால்தான் காசு. ஆர்கேட் கொடூரமானது பணப்பைக்கு. நேரத்தை அது வீணாக்கியதே இல்லை, ஏனென்றால் அடுத்த ஆள் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

ஷேடோ லேபிரிந்த் ஆர்கேடிலிருந்து உருண்டையை எடுத்துக்கொண்டது, பேய்களை எடுத்துக்கொண்டது, நாம்கோவின் பழைய விண்வெளி ஆட்டங்களின் கதை உலகத்தை எடுத்துக்கொண்டது. அந்தச் சில விநாடிகளை மட்டும் விட்டுவிட்டது.

முன்பும் ஒருமுறை

இப்படி நடப்பது முதல் தடவை இல்லை. 2006-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு பாம்பர்மேன்: ஆக்ட் ஜீரோ வந்தது. உருண்டைத் தலையோடு குதூகலமாகக் குண்டு வைத்துக்கொண்டிருந்த பாம்பர்மேனை இரும்புக் கவசம் மாட்டிய போர் இயந்திரமாக்கி, இருண்ட எதிர்காலத்தில் இறக்கியிருந்தார்கள். இன்றைக்கும் மோசமான மறுகற்பனைக்கு உதாரணம் கேட்டால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று அது. எல்லோருக்கும் நினைவிருப்பது அந்தக் கவசம். ஆனால் அதை ஆடியவர்களைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வார்கள்: தனியாக ஆடும் பகுதியில் 99 கட்டங்கள், நடுவில் சேமிக்க வழியே கிடையாது. ஐம்பதாவது கட்டத்தில் செத்தால் திரும்ப ஒன்றிலிருந்து.

தோற்றம் கேலிக்கு ஆளாகும், அது கண்ணுக்குத் தெரிவது. கேமை மூடவைப்பது வேறு ஏதோவாக இருக்கும். ஷேடோ லேபிரிந்தை ஆக்ட் ஜீரோவோடு ஒரே தட்டில் வைக்கமாட்டேன், இது எவ்வளவோ மேலான வேலை. ஆனால் புகார்களின் அமைப்பு அச்சு அசலாக அதேதான்.

மறுபக்க உதாரணமும் அதே வருஷம் கிடைத்தது. 2025 செப்டம்பர் 4 அன்று வெளியான ஹாலோ நைட்: சில்க்ஸாங்கிலும் பாஸிடம் செத்தால் திரும்பி ஓடிவரும் தூரத்தைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. நியாயமான சண்டைதான். இருந்தும் அங்கே பலர் பொறுத்துக்கொண்டார்கள். அதன் நாயகி ஹார்னெட்டின் ஓட்டமும் தாவலுமே ஒரு சுகம், கொஞ்சம் பழகிவிட்டால் திரும்பி ஓடும் வழி கை வித்தை காட்டும் இடமாகிவிடுகிறது. எட்டாம் எண் வாள்வீரனின் நடையில் ஆரம்பத்தில் அந்தச் சுகம் இல்லை. கொஞ்சம் கனமானவன், கொஞ்சம் விறைப்பானவன். நடப்பதே இன்பமாக இருந்தால் நீண்ட நடையை யாரும் புகாராக எழுதமாட்டார்கள். ஒரே தூரம் ஒரு கேமில் தண்டனையாகவும் இன்னொன்றில் சவாலாகவும் தெரிவது இதனால்தான்.

திறந்த பிறகு

சில மணி நேரம் கழித்து வரைபடம் விரிகிறது. போகிற திசையை நாமே தேர்ந்தெடுக்கலாம், புதுத் திறன்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு வருகின்றன, ஒற்றை வழிக் குகை பெரிய நிலமாகிறது. கேமைப் பாராட்டி எழுதியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இந்த இடத்தைக் குறிப்பிடுகிறார்கள். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நன்றாக இருக்கும்" என்பது அவர்களின் பல்லவி. இதைச் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை. முன்பு தாண்ட முடியாத பள்ளத்தின் மேல் கொக்கியை வீசிப் பறக்கும்போது, முதல் மணி நேரங்களின் எரிச்சல் உண்மையாகவே கரைந்துபோகிறது. தேடிப் போனால் ஏதாவது கிடைக்கிறது, சும்மா அடைத்துவைத்த சுவர்கள் குறைவு.

ஆனால் இது ஒரு விசித்திரமான பரிந்துரை. இருபது மணி நேரத்துக்கு மேல் நீளும் ஒரு கேமில் சில மணி நேரம் பெரிய விஷயமில்லை என்பது முடித்தவரின் கணக்கு. வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆட உட்காருபவருக்கு அது ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க அவர் ஒரே குகையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கிறார். அவர் எழுதும் கருத்தை அவசரக்குடுக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யூஜிஎஸ்எஃப் என்ற கற்பனை விண்வெளிப் படையின் காலவரிசைக்குள் நாம்கோ தன் பழைய ஆட்டங்கள் பலவற்றைக் கோத்து வைத்திருக்கிறது. காலக்ஸியன் (1979), காலகா (1981) எல்லாம் அதில் அடக்கம். இந்தக் கேமும் அந்தக் காலவரிசையில்தான் நடக்கிறது. அந்தப் பெயர்கள் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு மூலையிலும் ஒரு கண்சிமிட்டல். தெரியாதவர்களுக்குக் கலைச்சொல் மழை. இரண்டு தரப்பும் இதில் சண்டை போடவில்லை. தெரியாதவர்கள் வசனத்தைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பேய்கள் துரத்தும் அறைகள்

எல்லோரும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு. கேமின் உலகத்தில் அங்கங்கே சில வாசல்கள் இருக்கின்றன. உள்ளே போனால் குகை, வாள், இருட்டு எல்லாம் மறைந்து, கறுப்புப் பின்னணியில் மின்னும் கோடுகளோடு ஒரு மேஸ். பக் புள்ளிகளைத் தின்கிறது, பேய்கள் துரத்துகின்றன. 2007-இல் வந்த பேக்-மேன் சாம்பியன்ஷிப் எடிஷனை ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: அதே வேகம், அதே விறுவிறுப்பு. அந்தப் பழையது இவாதானியின் கைவண்ணம். பேக்-மேனைத் தூக்கி நிறுத்தியது என்று இன்றும் மதிக்கப்படுவது.

நாலு மணி நேரத்தில் கைவிட்டவரும் இந்த அறைகளைப் பாராட்டுகிறார். முப்பது மணி நேரம் ஆடியவர், "இன்னும் நிறைய வைத்திருக்கலாமே" என்கிறார். பேக்-மேன் மாதிரியே இல்லை என்று திட்டியவர் இங்கே வந்ததும் அமைதியாகிறார். பழைய நினைவுச் சுகம் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். அந்த அறைகளுக்குள் விதி வேறு. 1980-இலேயே பேய்களின் நடத்தை தெளிவானது: சிவப்பு நேராக நம்மைத் துரத்தும், இளஞ்சிவப்பு நமக்கு நாலு கட்டம் முன்னால் குறிவைக்கும், ஆரஞ்சு பக்கத்தில் வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். இன்னது செய்தால் இன்னது நடக்கும் என்று படித்துவிடலாம். மனப்பாடமாகப் பாதை போட்டு ஆடியவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். செத்தால் எந்தத் திருப்பத்தில் தாமதித்தோம் என்று கைக்கே தெரியும். அந்தத் தெளிவு புது மேஸ்களிலும் இருக்கிறது. கூடவே அந்தச் சில விநாடிகளும் திரும்பி வந்துவிடுகின்றன. பிடிபட்டால் கன்ட்ரோலரைக் கீழே வைக்க நேரமில்லை, அடுத்த சுற்று ஓட ஆரம்பித்திருக்கும்.

வாசலைத் தாண்டி வெளியே வந்தால் மறுபடியும் குகை. அடுத்த செக்பாயின்ட் எங்கே என்று வரைபடத்தை எடுத்துப் பார்க்கவேண்டும்.